புளியமரத்தின் அடிமரம் மட்டும் கறுப்பாகவே விழுகிறது, எங்கே தவறு?

ஏரிக்கரை:
வணக்கம். யாஷிகா மேட் 124ஜி என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் ஊர் ஏரிக்கரைச் சாலையில் வரிசையாகப் பழைய புளியமரங்கள். சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நட்டுவிட்டார்கள்; வெட்டுவதற்குள் ஒவ்வொரு மரத்தையும் படமெடுத்து வைத்துவிட வேண்டும். ஃபிலிம் இல்ஃபோர்ட் எச்பி5, ஐஎஸ்ஓ 400. ஒரு ரோலுக்கு 12 படம்தான், பன்னிரண்டும் போயிற்று. வானம் வெளுத்துக் கிடக்கிறது, அடிமரம் ஒரே கறுப்பு, பட்டையில் ஒரு வெடிப்புகூடத் தெரியவில்லை. கேமராவின் வெளிச்ச மீட்டர் காட்டியபடி லென்ஸ் திறப்பு எஃப் 16, ஷட்டர் நேரம் 1/125 நொடி வைத்தேன். லேபில் டெவலப் செய்ததில் கோளாறா?

இருட்டறை:
தம்பி, நெகடிவை ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் உள்ள ஃபிரேம் எண்கள் நன்றாகக் கறுத்திருக்கின்றனவா? அடிமரம் இருக்க வேண்டிய இடம் எப்படி இருக்கிறது?

ஏரிக்கரை:
எண்கள் நன்றாகக் கறுத்துத் தெளிவாக இருக்கின்றன அண்ணா. அடிமரம் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருக்கிறது.

இருட்டறை:
எண்கள் கறுத்திருந்தால் டெவலப் சரியாகவே நடந்திருக்கிறது, லேபைக் குறை சொல்ல வேண்டாம். அந்த இடத்தில் ஃபிலிமுக்கு வெளிச்சமே போய்ச் சேரவில்லை. டெவலப் நேரத்தைக் கூட்டினாலும் இல்லாதது வராது. உங்கள் மீட்டர் இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தையும் சேர்த்து அளந்து ஏமாந்திருக்கிறது. மரத்தின் அருகே போய், உங்கள் நிழல் விழாமல், பட்டையை மட்டும் அளந்து பாருங்கள். எஃப் 8, 1/15 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் எதை அளந்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும்; அதை அப்படியே வைத்தால் கரிய பட்டை படத்தில் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்து எஃப் 8, 1/60 வையுங்கள். பட்டை கருமையாகவே இருக்கும், வெடிப்பும் தெரியும்.

நெகடிவ்பெட்டி:
இன்னொன்று, பேட்டரி என்ன போட்டிருக்கிறீர்கள்? அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. இப்போது கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று காட்டும், படம் இன்னும் இருளும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட். அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். போன் மீட்டர் ஆப்போடு ஒருமுறை ஒப்பிட்டும் பாருங்கள்.

ஏரிக்கரை:
அல்கலைன்தான் போட்டிருந்தேன்! சரி, 1/60 வைத்தால் இலை அசைந்து படம் கலங்காதா? ட்ரைபாட், கேமராவைத் தொடாமல் ஷட்டரை அழுத்தும் கேபிள் ரிலீஸ் இரண்டும் இருக்கின்றன.

இருட்டறை:
இலை ஆடுவதை ட்ரைபாட் என்ன செய்யும்? புளிய இலை சின்னக் காற்றுக்கே நடுங்கும். எஃப் 5.6, 1/125 போங்கள்; திறப்பு பெரிதாகி நேரம் பாதியாவதால் வெளிச்சக் கணக்கு அதேதான். 10 மீட்டர் தள்ளி நின்று அடிமரத்தில் ஃபோகஸ் வைத்தால் ஏறத்தாழ 7 முதல் 17 மீட்டர் வரை தெளிவாக வரும், ஒரு மரத்துக்கு அது தாராளம். அப்புறம், வெளுத்த வானத்தைக் கறுப்பாக்க என்று சிவப்பு ஃபில்டர் போட வேண்டாம், பச்சை இலையையும் கறுப்பாக்கிவிடும்.

ஏரிக்கரை (பத்து நாள் கழித்து):
பேட்டரி மாற்றி, பட்டையை அளந்து இரண்டாவது ரோல் எடுத்தேன். விடிந்த கையோடு போனதால் காற்றே இல்லை. பன்னிரண்டில் ஒன்பது தேறியது. ஒரு மரத்தில் யாரோ வெகுகாலம் முன்பு செதுக்கிய எழுத்துகள் பட்டையோடு சேர்ந்து வளர்ந்திருப்பது நெகடிவில் தெரிகிறது. தினமும் அந்த வழியாகப் போயும் நான் பார்த்ததில்லை. இன்னும் பதினான்கு மரங்கள் இருக்கின்றன. நன்றி அண்ணா, இருவருக்கும்.