பதில்: லீக் டிடெக்டருக்கு ஒரு சொல் போதுமா?

அன்பின் குழுமத்தாருக்கு,

கார் ஏசியில் காஸ் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் 'லீக் டிடெக்டரு'க்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல் என்பது கேள்வி. அதற்கு ஒருவர் எழுதியது:

> 'கசிவுகாட்டி' என்று முடித்துவிடலாமே, ஏன் இழுக்கிறீர்கள்?

இழுப்பதற்குக் காரணம் மட்டக்களப்புக் கல்லடியில் கடற்காற்றுக் குடிக்கும் என் பழைய கொரோலா கார். காஸ் அடித்து மூன்று கிழமையில் ஏசி வெறுங்காற்று ஊதியது. கராஜில் பாஸ் (மெக்கானிக்) மெசின் எதையும் எடுக்கவில்லை, முதலில் குனிந்து பார்த்தார். காஸ் தனியே போகாது, கம்ப்ரசர் ஒயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுக்கும். காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரின் கீழ்மூலையைத் தொட்டு, "பிசுக்கு நிக்குது, இதாலதான் போகுது" என்றார். 'பிசுக்குத்தடம்' என்று நம் பட்டியலில் சேருங்கள். நாங்கள் ஒருவரும் யோசிக்காத சொல்.

பிறகு சவர்க்கார நுரை. பெரிய ஓட்டைக்குத்தான் அது சரி. அடுத்து, அவர் சொன்னபடி, "மணந்து பாக்கிற மெசின்". (தமிழ்நாட்டு அன்பர்கள் கலியாணம் என்று நினைக்கவேண்டாம், எங்கள் பக்கம் மணப்பது மூக்கால்.) ஏசிக்குள் ஓடும் காஸான ஆர்-134ஏ காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். ஆகவே மெசினின் நுனியை ஒவ்வொரு மூட்டுக்கும் அடிப்பக்கமாக மெல்ல நகர்த்தினார். டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கூலிங் கொயிலுக்கோ தண்ணீர் வடியும் குழாய் வாயில் வைத்தார். அது எதையும் கண்ணுக்குக் காட்டவில்லை, மணந்தது, கீச்சிட்டது. எனவே 'கசிவுமோப்பி'.

உண்மையில் காட்டுவது சாயம். ஒயிலோடு கலந்து ஓடவிட்டு, பிறகு புறஊதா விளக்கு அடித்தால் கசிந்த இடம் மஞ்சட்பச்சையாக ஒளிரும். கசிவுகாட்டி என்ற பெயரை அதற்கே கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

காஸுக்குக் 'குளிர்வாயு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கொண்டென்சரைத் தாண்டும்போது அது திரவம், பொருந்தாது.

---

அண்ணன்,

மோப்பி என்றதும் பொலிஸ் நாய்தான் ஞாபகம் வருது. என்றாலும் எழுதிப் பார்த்தேன், வாயில் நிக்குது. ஆனால் அக்கரைப்பற்றில் எங்கட கராஜில் முதல் வேலை ஏசிக் குழாய்க்குள் நைதரசன் அடித்து, அழுத்த மீற்றர் முள் இறங்குதா என்று பார்க்கிறது. அதற்கு எந்தச் சொல்? அதுவும் கசிவைக் கண்டுபிடிக்கிறதுதானே?

---

தம்பி,

முள் இறங்கினால் ஓட்டை இருக்கு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அது 'கசிவுச்சோதனை'. இடத்தைப் பிடிப்பது வேறு வேலை, 'கசிவுத்தேடல்'. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் கையேடு படிக்கிற பொடியன் முள்ளைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பிவிடுவான்.

நாய் விஷயம் சரிதான். அதற்காகவே எனக்குப் பிடிச்சிருக்கு. கொண்டென்சர் மாற்ற சனிக்கிழமை போறேன். பாஸிடம் 'கசிவுமோப்பி'யைச் சொல்லிப் பார்க்கிறேன், சிரிக்காவிட்டால் பட்டியலில் ஏற்றுவோம்.