மடியில் வீக்கம் இல்லை, செல் கணக்கு மட்டும் 6 லட்சம். எந்தக் காம்பு?

பட்டிக்காரன்:
ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, கன்று போட்டு மூணு மாசம். பாலில் திரி இல்லை, மடியில் சூடும் இல்லை. எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைந்ததால் நாலு காம்புப் பாலையும் கலந்து டெஸ்டுக்குக் கொடுத்தோம். சோமாடிக் செல் மில்லிக்கு 6,20,000 என்று வந்திருக்கிறது. மடிக்குள் மருந்து ஏற்றிவிடலாமா? சோப்புத்தூள் சோதனை நம்பகமானதா?

வெண்மடி:
அவசரப்படாதீங்க. அந்த செல்கள் பெரும்பாலும் மாட்டின் வெள்ளையணுக்கள்தான். நோயில்லாத காம்பில் மில்லிக்கு 1 லட்சத்துக்குள் இருக்கும். 2 லட்சம் தாண்டினால் கிருமி உள்ளே இருப்பதாகச் சந்தேகப்படணும். உங்களுடையது கலந்த பால். மூணு காம்பு தலா 1 லட்சம், ஒன்று மட்டும் 22 லட்சம் என்றாலும் சராசரி 6 லட்சத்துக்கு மேல் வந்துவிடும். அதனால் காம்பு காம்பாகப் பாருங்க.

அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சோப்புத்தூள். முதல் இரண்டு மூணு பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, தனித்தனிக் கிண்ணத்தில் பாலும் கரைசலும் சம அளவு ஊற்றி, 10 விநாடி வட்டமாக ஆட்டுங்க. சோப்பு செல்லை உடைக்கும், உள்ளிருக்கும் டிஎன்ஏ கொழகொழவென்று திரளும். ஆட்டும்போதே பார்த்துவிடணும், லேசான திரள் சீக்கிரம் கரைந்துவிடும். கன்று போட்ட முதல் வாரத்திலும் பால் வற்றும் நேரத்திலும் நல்ல மடியே கொழகொழப்புக் காட்டும், அப்போது செய்து பயனில்லை.

பட்டிக்காரன்:
பார்த்தாச்சு. பின் இடது காம்பு முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டுவிட்டது. மற்ற மூணும் தண்ணியாகவே ஓடுது.

கால்நடைப்பக்கம்:
மருந்துக்கு முன்னால் அந்தக் காம்புப் பாலைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புங்க அண்ணா. காம்பு நுனியை 70 சத ஸ்பிரிட் பஞ்சால், பஞ்சில் அழுக்கு வராத வரை துடைத்து, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துப் பீய்ச்சணும். நேராகப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் தூசி உள்ளே விழும். ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துடுங்க. மாதிரி கெட்டால் லேப் சொல்லும் கிருமி உங்கள் தொழுவத்துக் கிருமியாகத்தான் இருக்கும்!

வரும் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்றால் பெனிசிலினுக்கே அடங்கும். ஸ்டாஃப் ஆரியஸ் பொல்லாதது. அதை விழுங்கிய வெள்ளையணுவுக்குள்ளேயே உயிரோடு பதுங்கும், மருந்து போய்ச் சேராது. ஒரு நாள் பாலில் வரும், மறுநாள் வராது. அதனால் ஒரு தடவை 'இல்லை' என்று வந்தால் நம்பிவிடக் கூடாது.

வெண்மடி:
ரிப்போர்ட் வரும் வரை இந்த மாட்டைக் கடைசியில் கறங்க, அதிலும் பின் இடது காம்பு கடைசி. கறந்ததும் நாலு காம்பையும் 0.5 சத அயோடின் கரைசலில் முக்குங்க. காம்புத் துளை மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை தீவனம் போட்டு நிற்க வையுங்க, சாணியில் படுத்தால் எல்லாம் வீண். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு போடுவதானால் அடுத்த கறவைக்கு முன் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்க. ஸ்டாஃப் என்று வந்தால் இப்போதே ஊசிக்குச் செலவழிப்பதைவிட, பால் வற்ற விடும்போது நாலு காம்பிலும் ட்ரை கவ் ட்யூப் (வற்றுக் காலத்துக்கென மடிக்குள் ஏற்றும் மருந்து) ஏற்றுவது பற்றி டாக்டரிடம் கேளுங்க.