மறுமொழி: 'மறைமுகச் சூடு' வேண்டாம், 'ஒதுக்குத்தணல்' சரிவருமா?

சமையலுக்குத் தமிழ்ச்சொல் தேடிப் பட்டியலிடும் நம் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

> கிறில் சமையலில் வரும் 'இன்டிறெக்ற் ஹீற்' என்பதற்கு 'மறைமுகச் சூடு' என்றே போட்டுவிடலாமே. பொருள் நேராக வந்துவிடுகிறது.

அண்ணை, இதில் எனக்கு உடன்பாடில்லை. மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று காதில் பழகிய சொல் அது. அடுப்படியில் நிற்கிற ஆளின் வாயில் வராது. அதோடு இங்கே சூடு எங்கேயும் மறையவில்லை. தணலைத்தான் ஒரு பக்கம் தள்ளி, உணவை மறுபக்கத்தில் வைக்கிறோம்.

போன சனிக்கிழமை முற்றத்தில் பட்ட பாடுதான் இதை எழுத வைக்கிறது. தார்ப்பீப்பாயை நெடுக்காகப் பிளந்து, மேல் பாதியை மூடியாக்கிச் செய்வித்த கிறில் எங்களுடையது. முதல்முறை அதில் பீட்சா சுட்டோம். சிரட்டைக்கரியை அடி முழுக்கப் பரப்பிப் பற்றவைத்தேன். சோளகம் வீசிய வீச்சில் விசிறியே தேவைப்படவில்லை, தணல் கனகனவென்று சிவந்துவிட்டது. தட்டிய மாவில் தக்காளி, கணவாய், சீஸ் எல்லாம் வைத்துக் கம்பியில் இறக்கினேன். மூன்று நிமிடத்தில் அடி கரிந்துவிட்டது. மேலே சீஸ் துருவின துருவலாகவே கிடந்தது, கணவாய் பச்சை.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னா: "தணலை ஒரு கரைக்கு ஒதுக்கிவிடு மோனை. அப்பத்துக்கு மேல்நெருப்பு வைக்கிற மாதிரி இதுக்கும் மேலாலை சூடு வேணும்."

ஒதுக்கினேன். சாம்பல் பூத்த தணல் எல்லாம் இடப்பக்கம், வலப்பக்கம் வெறுமை. அடுத்த வட்டத்துக்கு எண்ணெய் பூசி, ஒன்றும் வைக்காமல் வெறும் மாவாகவே தணலுக்கு நேர்மேலே போட்டேன். ஒன்றரை நிமிடத்தில் அங்கங்கே கொப்புளம் எழும்பி, அடியில் கம்பிக்கோடு பழுப்பாக விழுந்தது. புரட்டி, அந்தச் சுட்ட முகத்தில் தக்காளியையும் சீஸையும் வைத்து, வெறும் பக்கத்துக்கு இழுத்து மூடியைப் போட்டேன். கணவாயை இந்த முறை தனியே வதக்கி வைத்திருந்தேன். மூடியின் காற்றுத் துளையை மட்டும் அடைக்கவில்லை, அடைத்தால் தணல் செத்துவிடும். ஐந்தாறு நிமிடத்தில் சீஸ் உருகி ஓரத்தில் பொங்கிக்கொண்டிருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நாம் தேடிய வினை அம்மாவின் வாயிலேயே இருந்தது. 'ஒதுக்குப்புறம்' என்ற வழக்கு இருப்பதால் 'ஒதுக்குத்தணல்' என்ற கட்டும் காதுக்குப் புதிதாகப் படாது. அடி முழுக்கப் பரப்பி நேரே சுடுவதற்கு 'பரப்புத்தணல்'. இரண்டும் சோடியாக நிற்கும், ஒன்றைக் கேட்டால் மற்றது தானாக விளங்கும்.

> 'ஓரத்தணல்' இன்னும் சுருக்கம் அல்லவா? 'ஒதுக்கு' என்றால் வேண்டாமென்று தள்ளியது போலவும் படுகிறதே.

அக்கா, 'ஓரத்தணல்' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அது தணல் கிடக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. செய்முறை எழுதும்போது நமக்கு வினை வேண்டும்: "தணலை ஒதுக்கவும்", "ஒதுக்கிய பின் மூடவும்". ஓரத்தை அப்படி வினையாக்க முடியாது. வேண்டாமென்று தள்ளுவது போலப் படும் என்பதை நான் யோசித்துத்தான் பார்த்தேன். பானை பொங்கி வரும்போது தணலை ஒதுக்குகிறோம், வேண்டும்போது திருப்பி இழுக்கிறோம். அடுப்பைப் பொறுத்தவரை அந்தச் சொல்லில் வெறுப்பு ஒட்டவில்லை.

மூடியை மூடியபின் உள்ளே நடப்பதற்குச் சிலர் 'அனற்பெட்டி நிலை' என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்? பாண் போடுகிற போறணை நம்மிடம் இருக்கிறது. நாப்போலி பீட்சா விறகுப் போறணையில் ஏறத்தாழ 485 பாகை செல்சியசில் 60 முதல் 90 விநாடிக்குள் வேகிறது. அடித்தளம் மாவைச் சுட, வளைந்த கூரை மேலேயிருந்து சூட்டைத் திருப்பி அடிக்கிறது. பீப்பாய் மூடியும் குறைந்த சூட்டில் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே அது 'போறணை நிலை'.

அது போர்த்துக்கீசச் சொல்தானே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், 'ஃபோர்னோ'தான் இங்கே போறணை ஆனது. இத்தாலியரும் போறணையை ஃபோர்னோ என்றுதான் சொல்கிறார்கள், இரண்டுக்கும் வேர் இலத்தீன். கரி கிறிலில் பீட்சா சுட்டுப் பேர் எடுத்த உணவகம், அமெரிக்காவின் பிறொவிடன்ஸ் நகரில் 1980 இல் தொடங்கியது. அதன் பேரே 'அல் ஃபோர்னோ'! பேக்கரிக்கு 'வெதுப்பகம்' வந்து நிலைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்காகப் போறணையைக் கைவிட மனமில்லை. சுண்ணமும் செங்கல்லும் விறகுப் புகையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன.

கருவிக்குத் 'தணலடுப்பு' போதும். 'கரியடுப்பு' என்றால் புகையும் சுவாலையும் இருக்கும்போதே சமைக்கலாம் என்று படும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

ஒதுக்குத்தணல் – தணலடுப்பில் தணலை ஒரு பக்கமாகத் தள்ளி, உணவை மறுபக்கத்தில் வைத்து, மூடிய மூடியின் கீழ் வேகவைக்கும் முறை. எதிர்: பரப்புத்தணல்.

மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கம் அப்பத்தின் மேல்நெருப்புக்கு வேறு சொல் புழங்கினால், அங்குள்ளவர்கள் எழுதுங்கள். 'மேற்சூடு' என்ற பதிவை அதுவரை திறந்தே வைத்திருக்கிறேன்.