ஈட்டியில் அடித்த அஹியின் சதை வெளுத்துப் புளித்தது ஏன்?

கேள்வி:
ஹவாயின் கோனா கடலில் மூச்சடக்கி மூழ்கி, அங்கு அஹி எனப்படும் மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்றைச் சென்ற வாரம் ஈட்டித் துப்பாக்கியால் அடித்தேன். சுமார் 25 கிலோ இருக்கும். அரை மணி நேரம் போராடிய மீனை ஈரச் சாக்கு போர்த்தி ஒன்றரை மணி நேரம் படகில் வைத்திருந்தேன். வெட்டியபோது சதை வெளுத்து, இலேசாகப் புளித்தது. வறுத்து உண்ட நண்பருக்கு முகம் சிவந்து தலைவலி வந்தது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
சூரை வெப்பத்தைத் தன் தசையில் தேக்கிக்கொள்ளும் மீன். நீண்ட போராட்டத்தில் உடல் சூடேறி, தசையில் அமிலம் சேர்ந்து சதை வெந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஜப்பானியர் இதை ‘யாக்கே’ என்பர். ஈரச் சாக்கு போதாது. மீன் கைக்கு வந்ததும் மூளையில் குத்தி, செவுள்களையும் பக்கத் துடுப்புக்குப் பின்னால் உள்ள சதையை விரல் அகல ஆழத்துக்கும் அறுத்துக் குருதியை வடித்து, குடலை நீக்கி, கடல்நீர் கலந்த பனிக்கட்டிக் கூழில் முழுதாக அமிழ்த்துங்கள். குருதி சுறாக்களை அழைக்கும் என்பதால் இதைப் படகிலேயே செய்யுங்கள்.

மறுமொழி 2:
நண்பருக்கு நேர்ந்தது பெரும்பாலும் ஹிஸ்டமின் நஞ்சு. வெப்பத்தில் பாக்டீரியாக்கள் சூரையின் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. அது உருவான பின் வறுத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. நாக்கில் மிளகுபோல் சுரீரென்றால் உடனே துப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஆம், முதல் வாயிலேயே அந்தச் சுரீர் இருந்தது. இஞ்சியின் காரம் என்று எண்ணிவிட்டோம்.