மதரஸா விடுதியில் காய்ச்சல் கால விதிகள்: பிள்ளைகளை எப்படிப் பழக்குவது?

கேள்வி (புதுவண்ணாரப்பேட்டை)
அஸ்ஸலாமு அலைக்கும். ஹிஃப்ளு (குர்ஆன் மனப்பாட) விடுதி, 60 பிள்ளைகள். காய்ச்சல் பரவுவதால் கொரோனா கால விதிகளை மறுபடி கொண்டுவருகிறோம். ஹஜ்ரத் (ஆசிரியர்) முன்னால் மாஸ்க் மூக்கில் இருக்கும், அவர் நகர்ந்ததும் தாடைக்கு இறங்கிவிடும். கை கழுவச் சொன்னால் "இப்பத்தானே ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செஞ்சோம்" என்கிறார்கள். அடிக்காமல், திட்டாமல் என்ன வழி?

பதில் 1
வ அலைக்குமுஸ்ஸலாம் பாய். ஒளுவில் சோப்பு இல்லையே, அதைச் சொல்லிக் கொடுங்கள். ஒளு செய்யும் இடத்திலேயே சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டிவிடுங்கள்; தரையில் கரையாது, தொலையாது. 20 விநாடி தேய்க்கும்வரை குழாய் மூடியிருக்க வேண்டும். சொம்பில் மொண்டு கழுவினால் ஆளுக்கு ஒரு தடவைக்கு அரை லிட்டர் போதும். 60 பேர், நாளைக்கு 8 தடவை: 240 லிட்டர். குழாயைத் திறந்தே விட்டால் இது மூன்று, நான்கு மடங்காகும். தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் நம் பக்கத்தில் பிள்ளைகள் கை கழுவாததற்குப் பாதிக் காரணம் காலி டேங்க்தான்.

நாள் முழுக்க மாஸ்க் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் மூச்சு முட்டும், கழற்றத்தான் செய்வார்கள். சத்தமாக ஓதும்போதும் இருமல் உள்ளவர்களுக்கும் மட்டும் கட்டாயமாக்குங்கள். ஃபஜ்ருக்குப் (அதிகாலைத் தொழுகைக்கு) பின் சபக்கை (அன்றாடப் பாடத்தை) மொட்டைமாடிக்கு மாற்றுவது அதைவிடப் பலன் தரும். சஹன் சாப்பாட்டைக் (ஒரே தட்டில் பலர் சேர்ந்து சாப்பிடுவதை) கொஞ்ச நாள் நிறுத்தித் தனித்தட்டு கொடுங்கள்.

பதில் 2
காய்ச்சலை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. சபக் தள்ளிப்போகும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அப்போது தெர்மாமீட்டரில் தெரியாது. "சொன்னவனுக்குப் பாடம் குறையாது" என்று ஹஜ்ரத் வாயால் அறிவிக்கட்டும். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதே, அங்கிருந்து வெளியேறாதே என்ற நபிமொழியையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மனதில் நிற்கும். 100.4 டிகிரிக்கு மேல் போனால் ஜன்னல் உள்ள தனி அறை. மூச்சு வாங்கினாலோ, ஆக்ஸிஜன் 94க்குக் கீழே இறங்கினாலோ தாமதிக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பதில் 3
படுக்கையில் ஒருவன் தலை வைத்த பக்கம் அடுத்தவன் கால் இருக்கட்டும். கூடுதல் இடம் தேவைப்படாது, முகங்களுக்கு நடுவே தூரம் கூடும். கதவுப்பிடி, குழாய்த் திருகு துடைக்க 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர், தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். 10 நிமிடம் விட்டுப் பச்சைத் தண்ணீரால் துடைக்காவிட்டால் இரும்பு அரித்துவிடும். பிரித்த பாக்கெட் கடற்காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கக்கூஸ் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.