இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழி விழுகிறது, துணி வழியாகப் பஞ்சும் வருகிறது. என்ன செய்யலாம்?

மாடிவீட்டுத்தையல்:
வணக்கம். எங்கள் தோட்டத்து இலவமரத்தில் காய் வெடித்ததும் பொறுக்கி, அம்மாவும் நானும் பஞ்சு எடுத்து, அப்பாவுக்கு மூன்றடிக்கு ஆறடியில் ஒரு மெத்தை தைத்தோம். ஃபோம் மெத்தையில் படுத்தால் முதுகு கொதிக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவர் தரையில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்துவிட்டார், அதனால்தான் இந்த முயற்சி. பஞ்சு 8 கிலோதான் தேறியது. பழைய காட்டன் புடவையை இரண்டாக மடித்து உறையாகத் தைத்தேன். இரண்டே மாதத்தில் இடுப்புப் பக்கம் குழி விழுந்து, ஓரமெல்லாம் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிட்டது. காலையில் அப்பாவின் வேட்டியில் பூனை முடி மாதிரி இழை ஒட்டியிருக்கிறது. அழுத்திப் பார்த்தால் உள்ளே மிளகு மாதிரி ஏதோ நெருடுகிறது. பிரித்து, பஞ்சைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அடைக்கலாமா?

நெல்லைக்காரி:
துவைத்துவிடாதீர்கள்! என் தலையணையை மெஷினில் போட்டு எடுத்தேன், உருண்டை உருண்டையாகச் சுருண்டு அதோடு போயிற்று.

போடிப்பஞ்சு:
எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து மெத்தை தைக்கிற வேலைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலவம்பஞ்சு இழை உள்ளே வெறும் குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் தண்ணீரில் மிதக்கும், ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கியில்கூட இதைத்தான் அடைத்தார்கள். அதே வழுவழுப்பால் ஒன்றோடொன்று பிடித்து நிற்காது, உடம்பு அழுத்துகிற இடத்திலிருந்து ஓரத்துக்கு நழுவிக்கொண்டே இருக்கும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் பஞ்சோடு சேர்த்து இழுத்துக் கட்டுகிற முடிச்சை நீங்கள் போடவில்லை என்று நினைக்கிறேன். குழி விழுந்ததற்கு அதுதான் முதல் காரணம். அடுத்தது அளவு. அந்த நீள அகலத்துக்கு நாங்கள் 12 கிலோவுக்குக் குறைத்து அடைப்பதில்லை, கல்லு மாதிரி இருக்கிறதே என்று பயப்படுவீர்கள், ஒரு மாதத்தில் சரியாக இறங்கிவிடும். புடவைத் துணி இதற்கு ஆகவே ஆகாது. நெருக்கமாக நெய்த மெத்தைத் துணி, கோடு போட்டது, கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

நெருடுவது விதை. பஞ்சை வெயிலில் போட்டு நன்றாகச் சூடேறியதும், கொசுவலைக்குள் கொட்டி மூங்கில் குச்சியால் அடியுங்கள். விதை கீழே இறங்கிவிடும், பஞ்சு மேலே நுரை மாதிரி பொங்கி நிற்கும். விதையில் எண்ணெய் இருக்கிறது, விட்டுவைத்தால் எலி தேடி வரும்.

மாடிவீட்டுத்தையல்:
ரொம்ப நன்றி அண்ணா. முடிச்சு எவ்வளவு இடைவெளியில் போட வேண்டும்? சாதாரண ஊசி போதுமா?

போடிப்பஞ்சு:
போதாதும்மா, மெத்தையின் கனத்தைத் தாண்டுகிற நீள ஊசி வேண்டும். 9 அங்குலத்துக்கு ஒன்று என்று சாக்பீஸால் புள்ளி வையுங்கள், அகலத்தில் 3, நீளத்தில் 7, மொத்தம் 21 முடிச்சு. மேலிருந்து குத்தி, கீழே ஒரு சின்னத் துணித்துண்டைக் கோத்து, அரை அங்குலம் தள்ளித் திரும்ப மேலே இழுத்து, மேல் பக்கமும் ஒரு துண்டு வைத்துக் கட்ட வேண்டும். துண்டு இல்லாமல் கட்டினால் நூல் துணியை அறுத்துவிடும். அடைக்கும்போது நான்கு மூலையை முதலில் கெட்டியாக நிரப்புங்கள், அப்புறம் நடு.

சுவாசம்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடிக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள், வீசிங் உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது, இந்தப் பஞ்சு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

மாடிவீட்டுத்தையல்:
ஞாயிற்றுக்கிழமை மாடியில் வலை கட்டிப் பிரித்தோம். ஒரு சொம்பு நிறைய விதை வந்தது! பக்கத்து ஊரில் 5 கிலோ பஞ்சு வாங்கிச் சேர்த்து, நேற்று கடைசி முடிச்சையும் போட்டுவிட்டேன். உட்கார்ந்து பார்த்த அப்பா எழுந்திருக்கவே இல்லை, அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். மாதம் எத்தனை தடவை வெயிலில் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணா.

போடிப்பஞ்சு:
ஒரு தடவை போதும். மதியம் புரட்டிப் போட்டு, வெயில் இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.