பிளாஸ்மாவில் டோபமைன் பீக் வரவே இல்லை, எங்கே பிழை?

வெள்ளவத்தை_மின்வாய்:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுத்திட்டம்: குருதிப் பிளாஸ்மாவில் டோபமைனை (நரம்புக்கடத்தி) மின்வாயில் ஒட்சியேற்றி, வரும் மின்னோட்டத்தால் அளப்பது. 3 மிமீ கிளாசி கார்பன் மின்வாய், வெள்ளி/வெள்ளி குளோரைட்டு ஒப்பீட்டு மின்வாய், பிளாட்டினக் கம்பி. பொஸ்பேற்று தாங்கற் கரைசல், பிஎச் 7.4. 10 மைக்ரோமூலர் டோபமைனுக்கு டிபிவியில் (மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக ஏற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) +0.17 வோல்ற்றளவில் நல்ல பீக் வருகிறது. அஸ்கோபிக் அமிலம் சேர்த்தால் அகன்ற ஒரே மேடு. பிளாஸ்மாவில் ஒன்றுமே இல்லை, ஸ்கானுக்கு ஸ்கான் மின்னோட்டமும் குறைகிறது. என்ன செய்யலாம்?

கார்பன்_பொலிஷ்:
இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

மேடு வருவது, அஸ்கோபேற்றும் ஏறக்குறைய அதே மின்னழுத்தத்தில் ஒட்சியேறுவதால். போதாததற்கு, ஒட்சியேறிய டோபமைனை அது மீண்டும் டோபமைனாகத் தாழ்த்திவிடும். அதே மூலக்கூறு திரும்பத் திரும்ப மின்னோட்டம் தரும். அஸ்கோபிக் அமிலம் இருக்கும்போது போடும் அளவீட்டுக் கோட்டை (செறிவுக்கு எதிரே மின்னோட்டம்) நம்ப வேண்டாம்.

மின்வாயில் நாஃபியன் (மறையேற்றமுள்ள பல்பகுதியம்) பூசுங்கள். 5% கரைசலை எதனோலில் 0.5% ஆக ஐதாக்கி 5 மைக்ரோலீற்றர் சொட்டு. பிஎச் 7.4இல் டோபமைன் நேரேற்றம், அஸ்கோபேற்றும் யூரேற்றும் (குருதியிலுள்ள யூரிக் அமிலத்தின் அயன்) மறையேற்றம். மறையேற்றப் படலம் அவை இரண்டையும் தள்ளும். கொழும்பு ஈரப்பதனில் மேசையில் விட்டால் படலம் சீராகக் காயாது, டெசிக்கேற்றரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வையுங்கள். தடித்தால் டோபமைனும் உள்ளே வரத் தாமதிக்கும்.

பூசுமுன் 0.3, பிறகு 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாவில் பொலிஷ். மேற்பரப்பு சுத்தமா என்று பார்க்க, 5 மில்லிமூலர் பெரிசயனைட்டில் ஒட்சியேற்ற, தாழ்த்தல் பீக்குகளின் இடைவெளி 80 மில்லிவோல்ற்றைத் தாண்டினால் திரும்பப் பொலிஷ். பூசிய பிறகு இந்தச் சோதனையைச் செய்து பயப்படாதீர்கள்: பெரிசயனைட்டும் மறையயன், படலம் அதையும் தள்ளிவிடும்.

பிளாஸ்மாவில் மின்னோட்டம் குறைவது அல்புமின் என்ற புரதம் மின்வாயில் ஒட்டுவதால். பிளாஸ்மாவை 10 மடங்கு ஐதாக்கி, ஒரு ஸ்கானுக்கு ஒரு புது மேற்பரப்பு.

நனோமூலர்:
பூச்சு சரி, செறிவைப் பார்த்தீர்களா? சுகதேகியின் பிளாஸ்மாவில் கட்டற்ற டோபமைன் வழமையாக 0.2 நனோமூலருக்கும் கீழ். உங்கள் 10 மைக்ரோமூலர் அதைவிட 50,000 மடங்கு. பக்கத்தில் யூரிக் அமிலம் 200–400 மைக்ரோமூலர் நிற்கிறது. ஐதாக்கினால் இருப்பதும் போய்விடும். குருதி டோபமைனில் பெரும்பகுதி சல்பேற்றாகப் பிணைந்திருப்பது வேறு.

"சீரத்தில் அளந்தோம்" என்று எழுதும் கட்டுரைகளில் பல, வெளியிலிருந்து டோபமைன் சேர்த்த சீரத்தைத்தான் சொல்கின்றன. செய்முறைப் பகுதியைப் படியுங்கள். உண்மையாக அளப்பவர்கள் பிஎச் 8.6 அளவில் அலுமினாவில் பிடித்து, அமிலத்தில் கழற்றி, எச்பிஎல்சியில் (உயர்திறன் திரவ நிறப்பகுப்பு) பிரித்த பிறகே மின்வாய்க்கு அனுப்புவார்கள். தலைப்பில் "மூளை" இருந்தால் எடுத்துவிடுங்கள். டோபமைன் குருதி-மூளைத் தடையைக் கடக்காது.

வெள்ளவத்தை_மின்வாய்:
அப்ப திட்டத்தையே மாத்த வேணுமா அண்ணா?

நனோமூலர்:
மின்வாயை அல்ல, இலக்கை மாற்றுங்கள் தம்பி. முழுக்குருதியில் செரோற்றோனின். பெரும்பகுதி குருதிச் சிறுதட்டுகளுக்குள் இருப்பதால் 0.3–1 மைக்ரோமூலர் அளவில் கிடைக்கும். பிளாஸ்மாவைப் பிரித்தால் அதைக் கொட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் கொஞ்சம் அஸ்கோபிக் அமிலம், இல்லாவிட்டால் ஈமோகுளோபின் செரோற்றோனினை ஒட்சியேற்றிவிடும். பிறகு பனிக்கட்டியில் வைத்துப் பேர்குளோரிக் அமிலத்தால் புரதத்தை வீழ்த்தி மையநீக்கம் செய்யுங்கள். தெளிந்த திரவத்தைப் பொற்றாசியம் பொஸ்பேற்றால் நடுநிலைக்குக் கொண்டுவந்தால் பொற்றாசியம் பேர்குளோரேற்று வெள்ளையாகப் படியும். குளிரில் இன்னொரு தடவை மையநீக்கம். அமிலத்திலேயே அளந்தால் பீக் பழைய இடத்தில் இராது, ஒரு பிஎச் அலகுக்கு ஏறக்குறைய 59 மில்லிவோல்ற்று நகரும்.

செரோற்றோனினின் விளைபொருளும் மின்வாயில் ஒட்டும். அளவீடு நியமச் சேர்ப்பு முறையில்தான் (தெரிந்த அளவு செரோற்றோனினை மாதிரியிலேயே சேர்த்துச் சேர்த்து அளப்பது).

கார்பன்_பொலிஷ்:
இந்தச் செறிவில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் தொல்லை தரும். கலத்தைத் தகரப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து டின்னைப் புவித்தொடுப்புச் செய்யுங்கள், போதும். குருதி எடுக்குமுன் பீடத்தின் அறநெறிக் குழு அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிட்டு, அது வரும்வரை தாங்கற் கரைசலில் 0.1 முதல் 2 மைக்ரோமூலர் வரை செரோற்றோனினுக்கு அளவீட்டுக் கோடு போடுங்கள்.